பேரேட்டில் இல்லாத வரி

(காரைக்குடியில் ஒரு வாசகர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோருக்கு வணக்கம்.

பயண எழுத்தைப் பற்றிப் பேசக் காரைக்குடியைவிடப் பொருத்தமான ஊர் கிடையாது என்று அழைப்புக் கடிதத்தில் எழுதியிருந்தார்கள். படித்ததும் மகிழ்ச்சியாக இருந்தது. அன்று இரவே ஒரு சங்கடமும் வந்து சேர்ந்தது. நூறாண்டுக்கும் மேலாகக் கப்பலேறிய மண் இது. இரங்கூன், கொழும்பு, பினாங்கு, மேடான், சைகோன் என்று இந்தப் பக்கத்துக் கிழவிகள் அடுத்த தெருவைச் சொல்வது போலச் சொல்வார்கள். 'கொண்டுவிற்கப் போயிருக்கிறார்' என்றால் கடல் தாண்டித் தொழிலுக்குப் போயிருக்கிறார் என்று பொருள். யாரும் விளக்கம் கேட்க மாட்டார்கள். அத்தனை பேர் போனார்கள், வந்தார்கள். அவர்களில் போய்வந்த கதையை எழுதியவர்கள் எத்தனை பேர்?

எழுத்து வாசனை இல்லாதவர்கள் என்று சொல்ல முடியாது. எழுத்தோடேயே வாழ்ந்தார்கள். பெட்டியடியில் உட்கார்ந்து வரவும் பற்றும் எழுதினார்கள், பேரேடு எழுதினார்கள், வேலைத் தவணை முடிந்தால் ஐந்தொகை, அதாவது இருப்புநிலைக் கணக்கு, எடுத்தார்கள். காசு பிசகாது. மூன்று ஆண்டு பெண்டாட்டி பிள்ளையைப் பிரிந்திருந்த மனிதன் அந்த மூன்று ஆண்டில் என்ன நினைத்தான் என்பதற்கு மட்டும் எந்த ஏட்டிலும் பற்று வரி கிடையாது. அந்த வரியைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

என் அப்பா முதலாளி இல்லை, ஏஜெண்டு இல்லை, ஏஜெண்டுக்கு உதவியாக இருக்கும் அடுத்தாளும் இல்லை. சமையற்காரர். சிங்கப்பூர் மார்க்கெட் தெருவில் ஒரு கிட்டங்கியில் சமைத்தார். இங்கே இளையவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள், அதனால் சொல்கிறேன். கிட்டங்கி என்பது பல வட்டிக்கடைகள் ஒரே நீண்ட கூடத்தில் அடுத்தடுத்து இருந்த கட்டடம். ஒவ்வொரு கடைக்கும் ஒரு பெட்டி, ஒரு சாய்வு மேசை, ஒரு பாய். பகலில் அதுவே கடை, இரவில் அதுவே படுக்கை. அங்கே இருந்த அத்தனை ஆண்களுக்கும் ஊர்ச் சாப்பாடு போட்ட கை என் அப்பாவுடையது. 1953-இல் நாகப்பட்டினத்தில் 'ரஜுலா' கப்பலில் ஏறியவர், இடையில் இரண்டு முறை வந்துபோய், 1961-இல் திரும்பி வந்துவிட்டார். அந்த எட்டு ஆண்டைப் பற்றி வீட்டில் அவர் பேசியது மிகக் குறைவு. 'கப்பலில் மூன்று நாள் சோறு இறங்கவில்லை' என்பார். அவ்வளவுதான்.

அவர் காலமான பிறகு டிரங்குப் பெட்டியைத் திறந்தோம். அடியில் ஒரு நோட்டு. அடுக்களைச் செலவுக் கணக்கு. அரிசி, துவரம்பருப்பு, புளி, தேங்காய், விறகு என்று பக்கம் பக்கமாக ஓடியது. ஒரே ஒரு பக்கத்தில் கணக்கு இல்லை. தேதி போட்டு, அதன் கீழே பென்சிலால் எழுதியிருந்தார்: 'மழை. இன்று யாரும் சாப்பிடவில்லை. குழம்பு அப்படியே இருக்கிறது.' மறுநாள் மீண்டும் கணக்கு தொடங்கிவிடுகிறது. கத்தரிக்காய், வெங்காயம்.

ஊரிலிருந்து சாவுச் செய்தி வந்ததா? கடை முறிந்ததா? அப்பாவிடம் கேட்க வழியில்லை. அந்த மூன்று வாக்கியத்துக்காகத்தான் நான் 2009-இல் சிங்கப்பூர் போனேன். திரும்பி வந்து நாற்பது பக்கம் எழுதினேன். விமானம் ஏறியது, குடிநுழைவு வரிசை, மெட்ரோ ரயிலின் சுத்தம், மார்க்கெட் தெருவில் பழைய கிட்டங்கிகள் இடிக்கப்பட்டு அங்கே வானளாவிய கட்டடங்கள் நிற்பது, அதைப் பார்த்து எனக்குக் கண் கலங்கியது. எல்லாம் உண்மை. பெருமையோடு என் அத்தையிடம் படித்துக் காட்டினேன். அப்பாவின் தங்கை, அப்போது அவருக்கு எண்பது வயது. முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒன்று கேட்டார்: 'ஏம்மா, அண்ணனுக்கு அங்கே அடுப்பு எந்தப் பக்கம் இருந்தது?'

எனக்குத் தெரியவில்லை. நாற்பது பக்கத்தில் அடுப்பே இல்லை.

நண்பர்களே, பயண எழுத்தைப் பற்றி அந்த ஒரு கேள்வியில் நான் கற்றது அதற்கு முன் படித்த எதிலும் கற்றதில்லை. நான் போனேன், பார்த்தேன், கலங்கினேன். அத்தைக்கு அது எதுவும் வேண்டியிருக்கவில்லை. அவர் அண்ணன் நின்ற இடத்தில் தானும் ஒரு கணம் நிற்க ஆசைப்பட்டார். புகை கண்ணில் அடித்ததா, காற்று வந்ததா, சமைக்கும்போது தெருவைப் பார்க்க முடிந்ததா, சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாரா. அந்த இடத்தை எழுதிக் கொடுத்திருந்தால் கலங்குவதை அவரே கலங்கியிருப்பார்.

தமிழில் வரும் பயணக் கட்டுரைகளில் பெரும்பாலானவை இந்த இடத்தில்தான் தவறுகின்றன என்று நினைக்கிறேன். ஒன்று, கட்டுரை முழுக்க எழுதியவரே நிற்கிறார். இல்லாவிட்டால் தல வரலாறு வந்து உட்கார்ந்துகொள்கிறது. தை மாதம் இங்கிருந்து பழனிக்குக் காவடியோடு நடந்து போகிறவர்கள் இந்த அவையிலேயே இருப்பீர்கள். நான்கு நூற்றாண்டு மரபு என்று சொல்லப்படும் நடை அது. போய்வந்து எழுதுங்கள் என்று என் மாணவிகளிடம் சொன்னபோது, போகர் நவபாஷாணச் சிலை செய்த கதையும் படிகளின் எண்ணிக்கையும் எழுதிக் கொண்டுவந்தார்கள். பாதத்தில் கொப்புளம் எந்த ஊர் எல்லையில் உடைந்தது, முன்பின் தெரியாத யார் வீட்டுத் திண்ணையில் நீர்மோர் வாங்கிக் குடித்தோம் என்பதை ஒருத்தியும் எழுதவில்லை. படியை எண்ண யாராலும் முடியும். அந்தத் திண்ணையை நடந்தவள் சொன்னால்தான் உண்டு.

இதற்கு நாம் வெளியே போய் இலக்கணம் தேட வேண்டியதில்லை. பத்துப்பாட்டில் ஆற்றுப்படைகள் இருக்கின்றன. பரிசில் பெற்றுத் திரும்புகிற கலைஞன், எதிரே வறுமையோடு வருகிற இன்னொரு கலைஞனைப் பார்த்து, இப்படிப் போ என்று வழி சொல்வது அந்த வகை. அவற்றில் மலைபடுகடாம் 583 அடி. செங்கண்மாத்து வேள் நன்னனைப் பார்க்கப் போகும் கூத்தர்களுக்குப் பெருங்கௌசிகனார் வழி சொல்கிறார். என்னென்ன சொல்கிறார் பாருங்கள். தினைப்புனம் காப்பவர்கள் யானையை விரட்டக் கவண்கல் எறிவார்கள், அது மரங்களில் பட்டுத் தெறித்து வரும், மறைந்து போங்கள் என்கிறார். பன்றிக்குப் பொறி வைத்திருப்பார்கள், இருட்டில் நடக்காதீர்கள் என்கிறார். வழுக்கும் இடம் எது என்று சொல்கிறார். தன் உடம்பால் அறிந்ததை இன்னொருவர் உடம்பைக் காப்பதற்காகச் சொல்வது போன்ற சொல் அது. 'எனக்கு எப்படி இருந்தது தெரியுமா' என்று ஆரம்பிப்பதே இல்லை. எதிரில் நிற்கும் பசித்த கூத்தன் அவர் கண்ணுக்குத் தெரிகிறான். யாருக்காக எழுதுகிறோமோ அந்த ஓர் ஆளின் முகம் தெரிந்துவிட்டால் பாதிக் குப்பை தானாக உதிர்ந்துவிடும். எனக்கு அந்த முகம் அத்தையின் முகம்.

நம் மண்ணில் இதைச் செய்து காட்டியவர் கோட்டையூரில் 1911-இல் பிறந்த ஏ. கே. செட்டியார். காந்தியடிகள் உயிரோடு இருக்கும்போதே அவரைப் பற்றிய ஆவணப்படத்துக்காகக் கண்டம் கண்டமாக அலைந்து, 50,000 அடி படச்சுருள் திரட்டி, 1940-இல் படத்தை வெளியிட்டவர். இவ்வளவு செய்தவர் தன்னைப் பற்றி எவ்வளவு எழுதலாம்! அவருடைய பயணக் கட்டுரைகளில் அவரைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. கப்பலில் பக்கத்தில் இருந்தவர், விடுதி நடத்துகிறவர், வழி சொன்ன ஆள் என்று சாதாரண மனிதர்கள் வந்து இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போவார்கள். தான் எழுதியதோடு நிற்காமல், தமிழ்நாட்டில் பயணம் செய்த பிறர் நூறாண்டுக் காலமாக எழுதியவற்றையும் தேடித் தொகுத்தார். பிறர் கண்ணில் அவருக்கு அத்தனை மரியாதை.

அப்படியானால் 'நான்' என்ற சொல்லையே எழுதக்கூடாதா என்று ஒரு தம்பி வாசலில் கேட்டார். எழுதுங்கள். அப்பா உப்பைப் பற்றிச் சொல்வதைத்தான் நானும் சொல்வேன். இல்லாவிட்டால் தெரிய வேண்டும், இருக்கும்போது தெரியக்கூடாது.

சிங்கம்புணரியில் பிறந்த நாவலாசிரியர் ப. சிங்காரத்தின் வழி வேறு. பதினெட்டு வயதில், 1938-இல், கடைவேலைக்குச் சுமத்ராவின் மேடானுக்குப் போனார். போர் நடுவே வந்தது, ஜப்பானியர் வந்தார்கள். 1946-இல் திரும்பிவிட்டார். அந்த அனுபவம் 'கடலுக்கு அப்பால்' என்ற நாவலாக 1959-இல் வெளிவந்தது. 'புயலிலே ஒரு தோணி' அச்சாக 1972 ஆயிற்று. திரும்பி வந்து இருபத்தாறு ஆண்டு! அச்சுக்காகக் காத்திருந்த ஆண்டுகளும் அதில் சேர்த்திதான். இருந்தாலும் அந்த நாவலில் மேடானில் உட்கார்ந்திருக்கும் பாண்டியனுக்கு மதுரைத் தெருக்கள் ஒவ்வொன்றாகத் திறக்கிற பக்கங்களைப் படிக்கும்போது, இது போன வாரம் பார்த்ததை எழுதியவனின் எழுத்தில்லை என்று தெரியும். ஊறியிருக்கிறது. அவர் தன் அனுபவத்தைப் பாண்டியனுக்குக் கொடுத்துவிட்டார். கொடுத்த பிறகு அதை எங்கே வேண்டுமானாலும் இழுத்துச் செல்லும் உரிமை அவருக்கு வந்துவிட்டது, ஏனென்றால் அது நாவல் என்று சொல்லித்தான் நம் கையில் தருகிறார்.

எனக்கு அந்த உரிமை இல்லை. இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். அப்பாவின் மழை நாளுக்கு ஒரு தந்தியை நான் கற்பனை செய்யலாம். தந்தி வந்தது, அடுத்தாள் ஒருவரின் குழந்தை ஊரில் இறந்துபோனது, கிட்டங்கியே இலையைத் தொடவில்லை. நன்றாகத்தான் இருக்கிறது, நீங்களும் நம்பிவிடுவீர்கள். ஆனால் கட்டுரை என்று பெயர் வைத்து அதை எழுதினால், காசு பிசகாமல் கணக்கு எழுதிய ஒரு மனிதரின் நோட்டில் அவர் மகள் பொய்க்கணக்கு எழுதியதாக ஆகும். நான் எழுதவில்லை. மூன்று வாக்கியத்தை அப்படியே வைத்து, கீழே ஒன்றும் எழுதாமல் விட்டேன்.

இன்னொன்று கேட்டுக்கொள்ள வேண்டும். இங்கிருந்து கொஞ்ச தூரத்தில்தான் முனீஸ்வரன் கோவில் தெரு. பழைய பொருள் வாங்க வெளிநாட்டார் வருகிற தெரு. எனாமல் தூக்குகளும் மரச் சாமான்களும் போவதில் எனக்கு வருத்தம் உண்டு, என்றாலும் அது உடையவர்கள் விருப்பம். அங்கே சட்டமிட்ட புகைப்படங்களும் விற்கின்றன. கோட்டுப் போட்டுத் தலைப்பாகை கட்டி நிற்கும் ஒருவர். எந்த ஊரில் எடுத்தது, அன்று அவருக்கு என்ன வயது, யார் வீட்டு அப்பச்சி, ஒன்றும் எழுதியிருக்காது. உங்கள் வீட்டுப் பெட்டியில் அப்படி ஒரு படமோ கடிதமோ இருந்தால், பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்க ஒரு அப்பத்தாவோ ஆயாவோ இன்னும் இருந்தால், இந்த வாரமே கேளுங்கள். பெரிய கேள்வி எதுவும் வேண்டாம். அடுப்பு எந்தப் பக்கம் என்பது போன்ற கேள்வியே போதும்.

நான் மறுபடியும் சிங்கப்பூர் போனேன், மூன்று ஆண்டு கழித்து. டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயில், இந்தப் பக்கத்து வணிகர்களான நகரத்தார் 1859-இல் எழுப்பியது. அங்கே சாப்பாட்டுப் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்த ஒரு பெரியவர், சிறுவயதில் தன் தகப்பனாரோடு மார்க்கெட் தெருக் கிட்டங்கியில் வளைய வந்தவர். அவர் சொன்னதைத் திரும்பி வந்து எழுதினேன். நாற்பது பக்கத்தைக் கிழித்துவிட்டு எழுதிய பதினோரு பக்கத்தில் ஒரு பத்தியை வாசித்து அமர்கிறேன். அத்தை இதைக் கேட்டுவிட்டுத்தான் போனார்.

'அடுப்பு பின்கட்டில் இருந்தது. பக்கத்தில் வானம் தெரியும்படி ஒரு சின்ன முற்றம். மழை பெய்தால் சாரல் அடுப்புவரை வரும். விறகு நனையாமலிருக்கச் சாக்கை விரித்து வைப்பார்களாம். சமைக்கிறவருக்கு முதுகுப் பக்கம் கூடம். பெட்டிகளும் மேசைகளும் அவர் கண்ணில் படாது. பேச்சுக்குரல் மட்டும் காதில் விழும். குரல் நின்றால் இலை போட வேண்டிய நேரம் என்று அவருக்குத் தெரியும்.'