வணக்கம் சொல்லும்போதே வேலை தொடங்கிவிடுகிறது

(முதலாண்டு செவிலியர் மாணவர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அன்புள்ள மாணவ மாணவியரே,

அடுத்த வாரம் வார்டுக்குள் போகப்போகிறீர்கள். ரத்த அழுத்தம் பார்ப்பது, நாடி எண்ணுவது, காய்ச்சல் அளப்பது எல்லாவற்றையும் பொம்மையை வைத்துப் பழகிவிட்டீர்கள். பொம்மையிடம் ஒரு வசதி உண்டு. நீங்கள் யாரென்று அது கேட்காது; சொல்லாமல் கையைப் பிடித்தாலும் திடுக்கிடாது.

உங்கள் செய்முறைக் குறிப்பேட்டில் முதல் வரி, "நோயாளிக்கு வணக்கம் கூறி அறிமுகம் செய்துகொள்ளுதல்". அதை ஒப்பித்துத் தள்ளிவிட்டு இரண்டாம் வரிக்கு ஓடுகிறவர்கள்தான் அதிகம். நானும் ஓடியவள்தான். பயிற்சிக் காலத்தில் ஒருநாள் ஒரு பெரியவரின் படுக்கைக்குப் போய், தாளில் இருந்த பெயரைச் சொல்லி, "நீங்கள்தானே ஐயா?" என்றேன். தலையாட்டினார். ரத்த அழுத்தம் பார்த்துக் குறித்தும் வைத்தேன். அவர் அந்தப் பெயர்க்காரர் இல்லை. சன்னலோரம் வேண்டுமென்று பக்கத்துப் படுக்கைக்காரரோடு இடம் மாறியிருந்தார், காதும் மந்தம். மூத்த செவிலியர் கண்டுபிடித்துத் தாளைத் திருத்தினார். நான் எடுத்துப்போனது ஊசியாக இருந்திருந்தால்?

அன்றிலிருந்து "நீங்கள்தானே?" என்ற கேள்வியை விட்டுவிட்டேன். பயந்தவரும் தூக்கக் கலக்கத்தில் இருப்பவரும் காது கேளாதவரும் அதற்கு ஆமாம் என்றே சொல்வார்கள். "உங்கள் முழுப்பெயரைச் சொல்லுங்கள், பிறந்த தேதி என்ன?" என்று கேளுங்கள். வருகிற பதிலை அவர் கையிலுள்ள அடையாள மணிக்கட்டுப் பட்டையோடும் கையிலிருக்கும் தாளோடும் ஒப்பிடுங்கள். உலக சுகாதார நிறுவனம் 2007-இல் வெளியிட்ட நோயாளி பாதுகாப்பு வழிகாட்டுதலும் குறைந்தது 2 அடையாளங்களைச் சரிபார்க்கச் சொல்கிறது. அறை எண் அந்தக் கணக்கில் சேராது. படுக்கை எண்ணும் அப்படித்தான். மனிதர்கள் இடம் மாறுவார்கள், எண் அங்கேயே நிற்கும்.

இந்தச் சில நொடிப் பேச்சில் இன்னொன்றும் நடக்கிறது. நீங்கள் வணக்கம் சொல்கிறீர்கள், அவர் பதில் சொல்கிறார். ஒரு வாக்கியத்தை ஒரே மூச்சில் முடிக்கிறாரா, நடுவில் மூச்சு வாங்குகிறாரா? நேற்றுத் தெளிவாகப் பேசியவருக்கு இன்று நாக்குக் குழறுகிறதா? சிரிக்கும்போது வாயின் ஒரு பக்கம் தொங்குகிறதா? தான் இருக்கும் இடம் அவருக்குத் தெரிகிறதா? கருவி எதையும் எடுக்கும் முன்பே பாதி நோயாளியைப் பார்த்துவிட்டீர்கள். சுவரைப் பார்த்து வணக்கம் சொன்னால் இவற்றில் ஒன்றும் கிடைக்காது. முகக்கவசம் அணிந்திருந்தால் உங்கள் சிரிப்பு அவருக்குத் தெரியாது. கண்ணும் குரலும்தான் அந்த வேலையைச் செய்ய வேண்டும்.

உங்கள் பெயரோடு, "நான் பயிற்சி மாணவி" என்பதையும் சொல்லிவிடுங்கள். வேண்டாம் என்று மறுக்க அவருக்கு உரிமை உண்டு. மறுத்தால் நன்றி சொல்லிவிட்டு உங்கள் மேற்பார்வையாளரிடம் தெரிவியுங்கள். பிரிட்டனில் கேட் கிரேஞ்சர் என்ற முதியோர் மருத்துவர் புற்றுநோயாளியாக மருத்துவமனையில் படுத்திருந்தபோது, தம்மைக் கவனிக்க வந்தவர்களில் பலர் பெயர்கூடச் சொல்லவில்லை என்பதைக் கண்டார். 2013-இல் 'வணக்கம், என் பெயர்…' என்றொரு இயக்கத்தைத் தொடங்கினார். 2016-இல் அவர் காலமான பிறகும் அது தொடர்கிறது. மருத்துவருக்கே இந்த நிலை என்றால் மற்றவர்களை நினைத்துக்கொள்ளுங்கள்.

எப்படி அழைப்பது? அவரையே கேளுங்கள். நரைத்த தலையைக் கண்டதும் "பாட்டி" என்று தொடங்கிவிடாதீர்கள். அன்பாகத்தான் சொல்கிறீர்கள், ஆனால் அவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியராக இருக்கலாம், அந்தச் சொல் பிடிக்காமலும் இருக்கலாம். "நீ" மட்டும் யாருக்கும் வேண்டாம்.

கையைத் தூய்மை செய்வதை அவர் கண்முன்னே செய்யுங்கள். கைகளில் கிருமிநாசினித் திரவத்தைத் தேய்க்க 20 முதல் 30 நொடி ஆகும். அறிமுகத்துக்கு அதுவே போதுமான நேரம்.

பிறகு செய்யப்போவதைச் சொல்லுங்கள். "கையில் பட்டை கட்டுவேன், சற்று இறுக்கும், பிறகு தளர்ந்துவிடும்." பேச வேண்டியதை அப்போதே பேசி முடியுங்கள். ரத்த அழுத்தம் பார்க்கும் முன் 5 நிமிடம் அமைதியாக உட்கார்ந்திருக்க வேண்டும். அளக்கும்போது அவரும் பேசக்கூடாது, நீங்களும் பேசக்கூடாது. பேச்சும் பதற்றமும் அளவை உயர்த்திக் காட்டும்.

ஒரே ஒரு விலக்கு உண்டு, எனக்கு மிகவும் பிடித்த விலக்கு. மூச்சை எண்ணப்போவதாக முன்கூட்டிச் சொல்லாதீர்கள். சொன்ன மறுகணம் மூச்சு மாறிவிடும். நாடி பார்த்த விரலை மணிக்கட்டிலேயே வைத்துக்கொண்டு மார்பின் ஏற்ற இறக்கத்தை எண்ணுங்கள்.

நினைவிழந்து கிடப்பவரிடமும் உங்கள் பெயரைச் சொல்லி, செய்யப்போவதைச் சொல்லித்தான் தொட வேண்டும். அவருக்குக் கேட்கவில்லை என்று உறுதியாகச் சொல்ல உங்களால் முடியாது.

போதும். இப்போது இருவர் இருவராகப் பிரிந்துகொள்ளுங்கள். ஒருவர் கட்டிலில் படுங்கள். உங்களுக்குக் காது மந்தம், எதைக் கேட்டாலும் ஆமாம் என்று தலையாட்ட வேண்டும். மற்றவர் கதவுக்கு வெளியே போய், உள்ளே வரலாமா என்று கேட்பதிலிருந்து தொடங்குங்கள்.