சோஃபா இருக்கறது சாஞ்சுக்கத்தானுங்க!

நடுவர் அய்யா அவர்களே, பொங்கல் விழா கமிட்டி அண்ணன்மார்களே, முன்னாடி பாய் விரிச்சு உக்காந்திருக்கிற கிருஷ்ணகிரி அம்மா அக்காமார்களே, எல்லாருக்கும் வணக்கம்ங்க.

வீட்டுச் சாமானை டிசைன் ரூல்படி போடணுமா, நம்ம சௌகரியத்துக்குப் போடணுமா, இதான தலைப்பு. எனக்கு முன்னாடி பேசுன எதிரணித் தம்பி பெங்களூர்ல இன்டீரியர் வேலை பாக்கறாரு, நல்லாவே பேசுனாரு, நானே ரெண்டு தடவை கை தட்டிட்டேன். சோஃபாவை சுவத்துல ஒட்டிப் போடக்கூடாது, டீப்பாய் 18 இன்ச் தள்ளி இருக்கணும், டிவி கண்ணு மட்டத்துக்கு வரணும், இதெல்லாம் மனுஷன் உடம்பை அளந்து வச்ச கணக்குன்னாரு.

சரிங்க தம்பி. எந்த மனுஷன் உடம்பு?

சண்டிகர் ஊருக்கு பிளான் போட்டாரே லெ கார்பூசியே, அவர் 1940கள்ல மாடுலர்னு ஒரு அளவு முறை கொண்டு வந்தாரு. மொதல்ல 175 சென்டிமீட்டர் ஆளை வச்சு கணக்குப் போட்டவரு அப்புறம் அதை 183 ஆக்கிட்டாரு, அதாவது ஆறடி. ஏன்னு கேட்டா இங்கிலீஷ் துப்பறியும் கதையில வர்ற வாட்டசாட்டமான ஆளுங்க எல்லாம் ஆறடி இருப்பாங்களாம்! எங்கம்மா 4 அடி 10 இன்ச்சுங்க. புது சோஃபாவுல முதுகு சாஞ்சா கால் தரைக்கு எட்டாது, கால் எட்டுனா முதுகு சாயாது. துப்பறியும் ஆளுக்கு செஞ்ச சோஃபாவுல எங்கம்மா என்னத்த துப்பறியறது?

அதனால எங்கம்மா தரையில உக்காந்துக்கறாங்க. இப்ப அவரைக்காய் சீசன், எல்லார் வீட்டுலயும் பிதுக்குப்பருப்பு ஓடிட்டிருக்கும், இங்க இருக்கிற அக்காமாருக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. ராத்திரி ஊறப்போட்ட கொட்டையை ரெண்டு விரலுக்கு நடுவுல வச்சு ஒரு அழுத்து அழுத்துனா பருப்பு துள்ளி சட்டியில விழும், தோல் விரல்லயே நிக்கும், சில நேரம் பருப்பு துள்ளி டிவி ஸ்டாண்டுக்கு அடியில போயிரும், அது வேற கதை. ஒரு குடும்பத்துக்கு ஆகற அளவு பிதுக்கி முடிக்க நேரம் ஆகுதுங்க. அவ்ளோ நேரமும் அம்மா சோஃபாவுல முதுகைக் குடுத்துட்டு ரெண்டு காலையும் நல்லா நீட்டி உக்காருவாங்க. 18 இன்ச்சுல டீப்பாய் நின்னா காலை எங்கங்க நீட்டறது? பொங்கலுக்கு மொதநாள் அந்த டீப்பாயைத் தூக்கி ஜன்னலோரம் போட்டேன், இப்ப அது மேல அயர்ன் பண்ண துணி அடுக்கியிருக்கு, ரொம்ப உபயோகமா இருக்கு.

எங்க சித்தப்பா பையன் சொன்னான்னு சோஃபாவை சுவத்துல இருந்து தள்ளி நடு ஹால்லயும் போட்டுப் பாத்தோம். போட்டோவுல சூப்பரா இருந்துச்சு. மறுவாரம் ராத்திரி கரண்ட் போச்சு, பாத்ரூம் போக எந்திரிச்ச அப்பா முட்டியில இடிச்சுக்கிட்டாரு. விடியறதுக்குள்ள சோஃபா பழையபடி சுவரோரம் போயிருச்சு. கட்டிலும் அப்படித்தான். அடியில பெட்டி வச்ச கட்டில்தான் இப்ப ஃபேஷன்னு வாங்குனோம், மாம்பழ சீசன் வந்ததும் வைக்கோல் பரப்பி செந்தூராவைப் பழுக்கப் போட கட்டிலுக்கு அடியில இடமே இல்ல. கிருஷ்ணகிரியில இருந்துக்கிட்டு மாங்காய்க்கு இடம் இல்லாத வீடுன்னா அது என்ன வீடுங்க!

ஒண்ணு ஒத்துக்கறேன். நடக்கற வழி மூணடி விடணும்னு தம்பி சொன்னது சரி, அப்பா முட்டி இடிச்ச அன்னிக்கே அதை ஏத்துக்கிட்டேன். ஆனா தம்பி, அது புஸ்தகத்துல இருக்குன்னு விடல, அப்பா ஊனுகோலோட வர்றாருன்னு விட்டோம். ஆளைப் பாத்து அளவு வந்துச்சு. நீங்க அளவை வச்சுக்கிட்டு ஆளைத் தேடறீங்க.

மணி அடிக்கப் போறீங்க, தெரியுது, இருங்க அய்யா ஒரே நிமிசம். கமிட்டிக்காரங்க மேடையில அளந்து சரியா நடுவுல உங்களுக்கு சேர் போட்டிருந்தாங்க. வந்து உக்காந்ததும் மொத வேலையா என்ன பண்ணீங்க? ஃபோகஸ் லைட் கண்ணுல அடிக்குதுன்னு சேரை நாலடி இந்தப் பக்கம் இழுத்துப் போட்டுக்கிட்டீங்க. எங்க அணிப் பக்கமா!