நாடியே இல்லாத கை! சின்ன வயசுல ஸ்ட்ரோக் வர்றதுக்கு இப்படியும் ஒரு காரணம்

வணக்கம் மக்களே! ஒரு பொண்ணு நடந்து வந்து டாக்டர் முன்னாடி உட்காருது. மணிக்கட்டைப் பிடிச்சுப் பார்த்தா நாடி தட்டுப்படல. ஆனா பொண்ணு நல்லாப் பேசுது! பேய்க்கதை இல்லைங்க, தகாயாசு ஆர்ட்டரைட்டிஸ்.

நம்ம எதிர்ப்புசக்தியே பெரிய ரத்தக்குழாய்களைத் தாக்குற நோய். பெரும்பாலும் 40 வயசுக்குள்ள இருக்குற பெண்களுக்கு வரும், ஆசியாவுல அதிகம். போதும், வீட்டுக்குள்ள போவோம்.

செட்டிநாட்டுக் கானாடுகாத்தான்ல ஒரு பழைய பெரிய வீட்டுல இருக்கோம். [சுவரைத் தடவியபடி] இந்த வீட்டு ஆச்சி அதட்டுறதுக்குள்ள சொல்லிடுறேன். சுண்ணாம்பை அடுக்கடுக்காப் பூசி, முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைச்ச பூச்சு. பாட்டன் காலத்துச் சுவர், இன்னும் கை வழுக்குது! ரத்தக்குழாய்ச் சுவரும் மூணு அடுக்குதான். உள்பூச்சு இப்படி வழவழன்னு இருக்குறதாலதான் ரத்தம் ஒட்டாம ஓடுது.

வயசானவங்களுக்குக் கொழுப்பு படியுறது வேற கதை. இங்க சுவரே வீங்கித் தழும்பேறித் தடிச்சுப்போகும். முகப்புல நின்னா பின்கட்டு வரைக்கும் தெரியுதே, இந்த நடை ஒருக்களிச்சுப் போற சந்தாயிட்டா? கழுத்துக் குழாய்ல அப்படி ஆனா மூளைக்கு ரத்தம் குறையும், ஸ்ட்ரோக் வரலாம். கைக்குப் போற குழாய்னா நாடி அடங்கிடும். கொடியில துணி காயப்போட்டா கை கடுக்கும், இறக்கினா சரியாகும்.

அப்ப கை எப்படி உயிரோட இருக்கு? இந்த வீட்டுக்கு வாசல் ஒரு தெருவுல, பின்வாசல் அடுத்த தெருவுல. முகப்பை அடைச்சாலும் சுத்தி வந்துடலாம்ல? ரத்தமும் அப்படித்தான், சின்னச் சின்னக் கிளைக்குழாய் வழியா சுத்திப் போகுது. எனக்கு ரொம்பப் பிடிச்சது இதுதான்.

இதை முதல்ல கவனிச்ச மிகிதோ தகாயாசு கண் டாக்டர்! ஒரு இளம்பெண்ணோட விழித்திரையில ரத்தக்குழாய்கள் மாலை கட்டினாப்புல வளைஞ்சு கிடந்ததை 1908ல ஜப்பான் கண் மருத்துவர்கள் கூட்டத்துல சொன்னார். அங்கேயே வேற ரெண்டு டாக்டர்கள், இதே மாதிரி நோயாளிங்களுக்கு மணிக்கட்டுல நாடி இல்லைன்னாங்க. கண்ணுல சுத்துவழி, கையில அடைப்பு!

வைத்தியம்? ஸ்டீராய்டு, எதிர்ப்புசக்தியை அடக்குற மாத்திரை, தேவைப்பட்டா குறுகின குழாயை பலூன் விட்டு விரிக்கிற ஆஞ்சியோபிளாஸ்டி.

அடுத்த தடவை பிரஷர் பார்க்கப் போனா ரெண்டு கையிலயும் பார்க்கச் சொல்லுங்க. 10 புள்ளிக்கு மேல வித்தியாசம் இருந்தா டாக்டர்கிட்ட கேளுங்க. வேற காரணமும் இருக்கலாம், பயந்துடாதீங்க. இதை ஆச்சிகிட்டயும் சொன்னேன்.

"ரெண்டு கைக்கும் தனித்தனியாக் காசு கேப்பாகளா தம்பி?"