சரக்கோடு சேதியும் விற்றவர்கள்

அவைத் தலைவர் அவர்களே, எத்தனையோ வேலைகளுக்கு நடுவே வந்து முதல் வரிசையில் அமர்ந்திருக்கும் நகர்மன்றத் தலைவர் அம்மா அவர்களே, இந்த ஊர்ப் பிள்ளைகளுக்குத் தூரிகை பிடிக்கச் சொல்லிக்கொடுத்த ஓவிய ஆசிரியர் ஐயா அவர்களே, நூலகர் அவர்களே, பெரியோர்களே, தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம். அரங்கை இலவசமாகத் தந்த சங்க நிர்வாகிகளுக்கும் என் நன்றி.

‘சரக்கு முறுக்கா, செட்டியார் முறுக்கா?’ என்று நம் பெரியவர்கள் கேட்பார்கள். விலைபோவது சரக்கின் தரத்தாலா, விற்பவரின் சாமர்த்தியத்தாலா என்று பொருள். ஜப்பானிய ஓவியத்தை ஐரோப்பா தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடியதே, அங்கேயும் இதே கேள்விதான். அந்தச் சரக்கை விற்ற மூன்று வியாபாரிகளைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். பாரிஸில் ஹயாஷி தடமாசா, அதே ஊரில் சீக்ஃப்ரீட் பிங், நியூயார்க்கில் யமனாகா சடாஜிரோ.

ஹயாஷி 1878 உலகக் கண்காட்சிக்கு மொழிபெயர்ப்பாளராக பாரிஸ் போனவர். கண்காட்சி முடிந்தும் அங்கேயே தங்கிக் கடை போட்டார். தன் கைக்கு வந்த மர அச்சு ஓவியங்களில் தன் பெயர் கொண்ட சின்னச் சிவப்பு முத்திரையைக் குத்துவார். பிரெஞ்சு எழுத்தாளர் எட்மண்ட் கோன்கூர் ஜப்பானிய ஓவியர்களான உதமாரோவைப் பற்றியும் ஹொகுசாயைப் பற்றியும் நூல் எழுதியபோது, ஜப்பானிய மூலங்களை மொழிபெயர்த்துக் கொடுத்தவர் இவர்தான். நாட்டின் சொத்தை வெளியே விற்றுவிட்டார் என்று சொந்த நாட்டில் அவரை ஏசினார்கள். அந்த வருத்தத்தில் நியாயம் உண்டு. ஆனால் ஐரோப்பிய ஓவியங்களைச் சேர்த்து ஜப்பானுக்குக் கொண்டுபோனவரும் அவரே.

ஒரு சம்பவம் சொல்கிறேன், கேளுங்கள். 1886 மே மாதம் ‘பாரி இல்லுஸ்த்ரே’ என்ற பாரிஸ் பத்திரிகை ஜப்பான் சிறப்பிதழ் போட்டது. அதில் கட்டுரை எழுதியவர் யார்? நம் ஹயாஷி! அட்டையில் ஜப்பானிய ஓவியர் எய்சென் வரைந்த ஒரு கணிகையின் படம். உடம்பை ஒரு பக்கம் வளைத்து நிற்கிறாள், கொண்டை நிறைய ஊசிகள். அந்த இதழ் டச்சு ஓவியர் வான்கோ கையில் சிக்கியது. சும்மா பார்த்துவிட்டு வைத்தாரா? மெல்லிய தாளை மேலே வைத்து உருவத்தைப் படியெடுத்தார், கட்டம் கட்டமாகக் கோடு போட்டார், பெரிய துணியில் எண்ணெய்ச் சாயத்தில் வரைந்தார். சுற்றிலும் மூங்கில், அல்லி, தவளை, கொக்கு எல்லாம் சேர்த்தார். அந்தக் கட்டம் போட்ட தாள்கூட இன்றும் இருக்கிறது. பிங் கடைப் பரணில் குவிந்திருந்த அச்சோவியங்களைப் புரட்டிப் புரட்டி நூற்றுக்கணக்கில் வாங்கியவரும் வான்கோதான். இப்போது சொல்லுங்கள், சரக்கு முறுக்கா, செட்டியார் முறுக்கா?

பிங் 1888 முதல் 1891 வரை ‘கலை ஜப்பான்’ என்று மாத இதழே நடத்தினார். பிரெஞ்சு, ஜெர்மன், ஆங்கிலம் என மூன்று மொழிகளில், வண்ணப் படங்களோடு வந்தது. 1890இல் பாரிஸ் நுண்கலைப் பள்ளியில் அவர் நடத்திய அச்சோவியக் கண்காட்சியைப் பார்த்துவிட்டுத்தான் அமெரிக்க ஓவியர் மேரி கசாட் பத்து வண்ண அச்சுகள் செய்தார்.

பார்க்கிறவனுக்கு அவன் மொழியில் எடுத்துச் சொல்ல ஆள் வேண்டும் ஐயா! அதைத்தான் நான் மேடைதோறும் கேட்கிறேன். நம் நூலகத்துக்குத் தமிழில் ஓவிய நூல்கள் வேண்டும், வண்ணப் படங்களோடு, குழந்தைகள் கைக்கு எட்டும் அலமாரியில் வேண்டும். சரக்கு முறுக்காக இருந்தால் மட்டும் போதாது, விரித்துக் காட்ட வேண்டாமா? நகர்மன்றத் தலைவர் அம்மா மனம் வைத்தால் இந்த ஆண்டே நடக்கும்.

யமனாகாவைப் பற்றிச் சொல்ல நேரமில்லை, தலைவர் மணி அடித்துவிட்டார். கோரிக்கை மனு வாசல் மேசையில் இருக்கிறது. எல்லோரும் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். நன்றி, வணக்கம்.