கோபுரம் இல்லாத மேகம்

[காட்சி: ஆரப்பாளையத்தில் ஒரு மொட்டைமாடி. கொடியில் காயும் துணி. கிழக்கே மேகம்.]

வணக்கம். ஐப்பசி மாதம், சாயங்காலம் நாலரை மணி. கிழக்கே மேகம் திரண்டு நிற்கிறது. மதுரைக்காரர் கையில் போன் இருந்தால் என்ன செய்வார்? கோபுரமோ யானைமலையோ ஃபிரேமுக்குள் விழுமா என்று நகர்ந்து பார்ப்பார். நானும் அப்படித்தான். இன்றைக்கு இரண்டையும் விட்டுவிடுவோம்.

[காட்சி: வானம் மட்டும், கருப்பு வெள்ளையில்.]

ஆல்ஃபிரட் ஸ்டீக்லிட்ஸ், அமெரிக்கப் புகைப்படக்காரர். 1922-ல் நியூயார்க் மாநிலத்து லேக் ஜார்ஜ் ஏரிக்கரையில் மேகங்களை எடுக்கத் தொடங்கினார். எதிரே உட்காரும் ஆட்களை வசியம் செய்துதான் அவர் படம் எடுக்கிறார் என்று ஒருவர் எழுதிவிட்டார். மனுஷருக்குச் சுருக்கென்றது. யாருக்கும் வசியமாகாத மேகத்தை எடுத்துக் காட்டுகிறேன் என்று கிளம்பினார். 200-க்கும் மேற்பட்ட படங்கள். 1925 வாக்கில் 'ஈக்விவலென்ட்ஸ்' என்று பெயர் வைத்தார். தன் உள்ளுக்குள் ஓடுவதற்கு நிகரான உருவங்களாம். பலவற்றில் தொடுவானமே கிடையாது.

நமக்கு இது புதிதா? முல்லைத் திணைக்குக் கார்காலத்தையும் மாலையையும் பொழுதாக வைத்தது தொல்காப்பியம். கார் திரண்டாலே, திரும்பி வருவதாகச் சொல்லிப்போனவனுக்காகக் காத்திருக்கிறவளின் மனசு தெரிந்துவிடும். ஆனால் நம் புலவர்கள் மேகத்துக்குக் கீழே காட்டையும் பூவையும் வைத்தார்கள். ஸ்டீக்லிட்ஸ் எல்லாவற்றையும் எடுத்துவிட்டார். என்னைக் கேட்டால் புலவர்கள் வழிதான் கஷ்டம். முதலில் இவர் வழியைப் பழகுவோம்.

[காட்சி: போன் திரை, நெருக்கத்தில்.]

மேகத்தில் வெளிச்சம் கூடிய இடத்தைத் தொடுங்கள். பல போன்களில் பக்கத்திலேயே ஒரு சூரியக் குறி வரும். அதைக் கீழே இழுங்கள். வெளிச்சம் இறங்க இறங்க மேகத்தின் மடிப்புகள் தெரியும். அப்புறம் கருப்பு வெள்ளையாக்கி, நீலத்தை மட்டும் இருட்டாக்குங்கள். பழைய கேமராக்களில் படம் பதிந்த கண்ணாடிப் பிளேட்டுகளுக்கு நீல ஒளி என்றால் தாங்காது, வானம் வெறும் வெள்ளையாகிவிடும். எல்லா நிறத்தையும் வாங்கும் பான்குரோமேட்டிக் ஃபிலிம் வந்த பிறகுதான் மேகம் ஒழுங்காக விழுந்தது.

[காட்சி: கையில் ஒரு சின்ன பிரிண்ட்.]

இது, அம்மாவை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கூட்டிவந்த அன்று எடுத்தது. நாலுக்கு ஐந்து அங்குலம், ஸ்டீக்லிட்ஸ் போட்ட அளவு. அத்தை வாங்கிப் பார்த்தார். திருப்பினார், மறுபடி திருப்பினார்.

"எதுப்பா மேல் பக்கம்?"

எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கடைசியில் அவர் பிடித்திருந்த வாக்கிலேயே சட்டம் போட்டு மாட்டிவிட்டேன்.