நெறி கட்டுவது ஏன், யானைக்கால் வீங்குவது ஏன்?

அவையோருக்கு வணக்கம்.

காலில் முள் குத்திச் சீழ் பிடித்தால், ஓரிரு நாளில் தொடை இடுக்கில் நெறி கட்டுகிறது. புண் பாதத்தில், கட்டி இடுக்கில். இதன் காரணம் விளங்கினால் யானைக்கால் நோயும் பெருமளவு விளங்கிவிடும்.

தந்துகிகள் எனும் மிக நுண்ணிய ரத்தக் குழாய்களிலிருந்து எந்நேரமும் நீரும் சிறிது புரதமும் திசுக்களில் கசிந்துகொண்டிருக்கின்றன. அதைத் திரட்டி மீண்டும் ரத்தத்தில் சேர்ப்பவை நிணநீர்க் குழாய்கள். நாளொன்றுக்கு 2 முதல் 4 லிட்டர் நிணநீர் இப்படிக் கழுத்தடிச் சிரைகளில் போய்ச் சேர்கிறது. இதைத் தள்ள இதயம் போல் ஒரு விசைக் கருவி கிடையாது. குழாய்ச் சுவரின் சுருக்கம், தசைகளின் அசைவு, மூச்சு, பின்னோக்கி ஒழுகவிடாத வால்வுகள், இவ்வளவுதான். நெடுநேரம் பேருந்தில் அசையாமல் உட்கார்ந்து வந்தால் பாதம் வீங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

வழியில் நூற்றுக்கணக்கான நிணநீர் முடிச்சுகள் இருக்கின்றன. தோலில் நுழைந்த கிருமியை விழுங்கிய டென்ட்ரிட்டிக் செல்கள் எனும் காவல் செல்கள், அதன் துண்டுகளோடு முடிச்சுக்கு வந்து டி செல்கள் எனும் வெள்ளையணுக்களிடம் காட்டுகின்றன. ஒவ்வொரு டி செல்லும் குறிப்பிட்ட ஒரு வடிவத்தையே அடையாளம் காணும். பொருந்தியது பல்கிப் பெருகுகிறது. பி செல்கள் எனும் வேறுவகை வெள்ளையணுக்களும் பெருகி, கிருமியை எதிர்க்கும் எதிர்ப்பொருளைச் சுரக்கின்றன. புதிய கிருமிக்கு இதற்கு ஒரு வாரம்போல ஆகும், மறுமுறை வந்தால் விரைவில் முடியும். காலின் நிணநீர் தொடை இடுக்கு முடிச்சுகள் வழியே போவதால், அங்கே நடக்கும் இந்தப் பெருக்கம்தான் நெறி. அதைப் பிசையாதீர்கள், காலிலுள்ள புண்ணைக் கவனியுங்கள். ஆனால் கழுத்தெலும்புக்கு மேலே தோன்றும் கட்டி, நகராமல் கெட்டியாக இருக்கும் கட்டி, மூன்று வாரமாகியும் வடியாத கட்டி, இவற்றை மருத்துவரிடம் காட்டியாக வேண்டும். காசநோயோ புற்றுநோயோ இருக்கலாம்.

இனி யானைக்கால். இதற்குக் காரணம் ஒரு புழு. சாக்கடை நீரில் பெருகும் க்யூலெக்ஸ் கொசு அதைப் பரப்புகிறது. நூல் போன்ற பெண் புழு 8 முதல் 10 செ.மீ. நீளம், நிணநீர்க் குழாய்க்குள் பல ஆண்டுகள் வாழும். குழாய் விரிந்து, வால்வுகள் மூடாமல் போய், நீர் தேங்குகிறது. அப்போதும் கால் பார்வைக்குச் சாதாரணமாகவே இருக்கலாம். காலைத் தூணாக்குவது அடுத்து நடப்பதுதான். விரலிடுக்குச் சேற்றுப்புண்ணிலும் குதிகால் வெடிப்பிலும் பாக்டீரியா நுழைகிறது. நிணநீர் ஓடாத காலில் அதை எதிர்க்கும் வேலை தடைப்படுகிறது. குளிர்காய்ச்சல் வருகிறது, கால் சிவந்து கொதிக்கிறது. ஒவ்வொரு காய்ச்சலும் தோலையும் குழாயையும் மேலும் தழும்பாக்கிவிட்டுப் போகிறது.

ஆகவே தமிழ்நாட்டில் 1996 முதல் ஆண்டுதோறும் கொடுக்கப்பட்ட டி.இ.சி. என்ற புழுக்கொல்லி மாத்திரையின் நோக்கத்தைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். ரத்தத்திலுள்ள குஞ்சுப் புழுக்களைக் கொன்று, கொசு வழியே பரவுவதைத் தடுக்கவே அது. அவை இரவு 10 மணி முதல் 2 மணி வரைதான் வெளி ரத்தத்தில் மிகுந்திருக்கும்; இரவில் வந்து ரத்தம் எடுப்பது அதற்காக. மாத்திரை கொடுக்கப்படும்போது கர்ப்பிணிகள், 2 வயதுக்குட்பட்ட குழந்தைகள், கடும் நோயாளிகள் தவிர மற்றவர்கள், கொடுப்பவர் முன்னிலையிலேயே விழுங்கிவிட வேண்டும். ஆனால் தடித்துவிட்ட காலை அது மெலிய வைக்காது.

அந்தக் காலுக்கு மருந்து சோப்பும் தண்ணீரும். மலிவானது என்பதாலேயே பலர் இதை நம்புவதில்லை. என் வருத்தம் அதுதான். தினமும் சாதாரணத் தண்ணீரில், மேலிருந்து கீழாக, மடிப்புகளையும் விரலிடுக்குகளையும் கையால் கழுவுங்கள், பிரஷ் வேண்டாம். அழுக்கு நீங்கித் தெளிந்த நீர் வரும்வரை அலசுங்கள். சுத்தமான துணியால் ஒற்றி எடுங்கள். விரலிடுக்கில் ஈரம் நின்றால் கழுவியதே வீண். சேற்றுப்புண்ணுக்குப் பூஞ்சையைக் கொல்லும் களிம்பு, வெளியே போகச் செருப்பு, படுக்கும்போது காலுக்கு உயரம், பகலில் குதிகாலை உயர்த்தி இறக்கும் பயிற்சி.

காய்ச்சல் வந்துவிட்டால் பயிற்சியை நிறுத்திவிட்டு ஓய்வெடுங்கள். குளிர்ந்த ஈரத்துணி போடுங்கள், நிறையத் தண்ணீர் குடியுங்கள், பாராசிட்டமால் எடுத்துக்கொள்ளுங்கள். சூட்டு ஒத்தடம், உருவுதல், பச்சிலைப் பற்று, கொப்புளத்தைக் கீறுவது எதுவும் கூடாது. மருத்துவர் தரும் ஆன்டிபயாடிக்கைக் காய்ச்சல் விட்டாலும் நடுவில் நிறுத்தாதீர்கள். ஒரு நாளில் குறையாவிட்டாலோ, வாந்தியோ மயக்கமோ வந்தாலோ, அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.