கடலுக்கு முதுகைக் காட்டாதே

(மதுரையில் காலை நடைப்பயிற்சி நண்பர்கள் கூடிய ஆண்டு விழாவில் பேசியது. பேசியதைவிடக் கொஞ்சம் குறைத்து, சில இடங்களில் கூட்டி எழுதியிருக்கிறேன்.)

விழாத் தலைவர் மருத்துவர் ஐயா அவர்களே, இத்தனை வேலைக்கு நடுவிலும் வந்து முன்னிலை வகிக்கும் மாமன்ற உறுப்பினர் அவர்களே, என்னை அறிமுகம் செய்கிறேன் என்று இல்லாத பெருமையையெல்லாம் ஏற்றி வைத்துவிட்டுப் போன தலைமையாசிரியை அம்மா அவர்களே, மூன்றாவது வருஷமாகக் காசு வாங்காமல் மைக் செட் போட்டுத் தரும் தம்பி அவர்களே, வைகைக் கரையில் தினமும் என்னோடு நடந்து, நடப்பதைவிட அதிகமாக நின்று பேசும் நண்பர்களே, தாய்மார்களே, முன் வரிசையில் பிஸ்கட் பொட்டலத்தைச் சத்தமில்லாமல் பிரிக்கப் பார்க்கும் குழந்தைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

பொன்னாடை போர்த்தினீர்கள். நன்றி. வீட்டில் இது பதினோராவது. அடுத்த தடவை எனக்குத் துண்டு வேண்டாம், காற்றடித்த லாரி டியூப் ஒன்று கொடுங்கள். எதற்கு என்று பிறகு சொல்கிறேன்.

ஐஸ்லாந்தில் பார்த்த கறுப்பு மணல் கடற்கரையைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். கடலே இல்லாத ஊரில் கடலைப் பற்றி என்ன பேச்சு என்று நினைக்காதீர்கள். புதுமண்டபத்துப் பக்கம் எழுகடல் தெரு எந்த ஊரில் இருக்கிறது? மீனாட்சியின் அம்மா காஞ்சனமாலை கடலாட ஆசைப்பட்டாள் என்பதற்காக ஏழு கடலையும் சொக்கர் வரவழைத்தது இங்கேதான். மதுரையை மூழ்கடிக்க வந்த கடலை உக்கிரபாண்டியன் வேலெறிந்து வற்ற வைத்ததும் இங்கேதான். கடலோடு பழைய கணக்கு உள்ள ஊர் இது.

மூன்று விஷயம் சொல்லப்போகிறேன். ஒன்று, அந்த மணல் ஏன் கறுப்பு. இரண்டு, அந்த அலை எப்படி ஆளைக் கொல்கிறது. மூன்று, அந்த ஊர்க்காரர்களின் மொழிப்பற்று. மூன்றாவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. தமிழர்கள் கேட்க வேண்டியது. அதற்கு வருகிறேன்.

என் மகன் லண்டனில் வேலை பார்க்கிறான். 2023 செப்டம்பரில் எங்களை ஐஸ்லாந்துக்கு அழைத்துப் போனான். அந்த நாடு முழுக்க நாலு லட்சம் பேருக்குள்தான். நம்ம மாநகராட்சியில் பாதிகூடத் தேறாது. ராணுவம் கிடையாது, ரயிலும் கிடையாது. தலைநகர் ரெய்க்யவிக்கிலிருந்து 180 கிலோமீட்டர், இங்கிருந்து தஞ்சாவூர் போகிற தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வீக் என்றொரு சின்ன ஊர், அதன் பக்கத்தில் ரேனிஸ்ஃபியாரா கடற்கரை.

வண்டியை விட்டு இறங்கியதும் வாயடைத்துப் போனேன். கரி கொட்டிய மாதிரி மணல். அதன் மேல் பால் பொங்கின மாதிரி நுரை. ஒரு பக்கம் மலை, அதன் அடிவாரத்தில் ஆறு பட்டை வைத்துச் செதுக்கிய மாதிரி கல்தூண்கள், படிப்படியாக. நம்ம திருமலை நாயக்கர் மகாலில் சுதைத்தூண் பார்த்த கண்ணுக்கு, மனுஷன் கைபடாத தூண் என்று நம்பவே முடியவில்லை. எரிமலைக் குழம்பு ஆறும்போது சுருங்கி, சுருங்குகிற இடத்தில் வெடித்து, இப்படித் தூண் தூணாகப் பிரிகிறதாம். கண்மாய் வற்றினால் கரம்பை மண் பாளம் பாளமாக வெடிப்பதைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? அதே கதை. அது மண், இது எரிமலைக் கல்.

கடலுக்குள் கூர் கூராகச் சில பாறைகள் நிற்கின்றன. இரண்டு பூதங்கள் ராத்திரியோடு ராத்திரியாக ஒரு கப்பலைக் கரைக்கு இழுத்தனவாம், அதற்குள் விடிந்து வெயில் பட்டுக் கல்லாகிவிட்டனவாம். மகன் அதிசயமாகச் சொன்னான். நான் சொன்னேன், “தம்பி, நம்ம ஒத்தக்கடையில் ஒரு யானையே கல்லாகி யானைமலையாப் படுத்திருக்கு, போடா.”

மணல் கறுப்பானதும் எரிமலையால்தான். எரிமலைக் கல் கறுப்பு. கடல் அதைப் போட்டு அரைத்து அரைத்து மணலாக்குகிறது. நம்ம மணவாளக்குறிச்சியிலும் கறுப்பு மணல் உண்டு, ஆனால் அது வேறு சங்கதி, கனிமம் கலந்த மணல். பக்கத்தில் கட்லா என்றொரு எரிமலை பனிப்பாளத்துக்கு அடியில் கிடக்கிறது. 1918-இல் வெடித்தபோது பனி உருகி வெள்ளமாக வந்து, கொண்டுவந்த மணலால் கரையையே கடலுக்குள் தள்ளி வைத்துவிட்டது. மறுபடி வெடித்தால் எங்கே ஓடுவது என்று வீக் ஊர்க்காரர்கள் ஒத்திகையே பார்த்து வைத்திருக்கிறார்கள். மேட்டில் இருக்கும் சர்ச்சுக்குப் போக வேண்டும். சின்னக் குழந்தைக்கும் தெரியும். முதல் விஷயம் முடிந்தது.

இப்போது அலை. எங்க அம்மாச்சி ஒரு சொலவடையைத்தான் சாகும்வரை சொன்னார்: “ஆழமறியாமல் காலை இடாதே.” கடன் வாங்கினாலும் அதுதான், கல்யாணம் பேசினாலும் அதுதான். அம்மாச்சி கடலைப் பார்த்ததே இல்லை.

நான் முப்பத்திரண்டு வருஷம் பி.டி. வாத்தியார். சின்ன வயசில் தண்ணீர் கிடந்த ஒரு வருஷம் வண்டியூர்த் தெப்பக்குளத்தில் கரையிலிருந்து மைய மண்டபம் வரை நீந்திப் போய்த் திரும்பி வந்தவன். தலைக்கனம் இருக்குமா இருக்காதா? கார் நிறுத்துமிடத்திலேயே பெரிய பலகை வைத்து விளக்குப் போட்டிருக்கிறார்கள். அலை எப்படி வரும் என்று முன்கூட்டிக் கணித்து எரிகிற விளக்கு. மஞ்சள் என்றால் கவனம், ஆரஞ்சு என்றால் தள்ளி நில், சிவப்பு என்றால் கீழேயே இறங்காதே. அன்றைக்கு ஆரஞ்சு. வாசித்தேன். தலையை ஆட்டினேன். நேரே இறங்கிப் போனேன்.

என் மனைவி தூண்களுக்கு இந்தப் பக்கமே நின்றுகொண்டார். “ஏங்க, அங்குட்டுப் போகாதீங்க.” நான், “சும்மா இரு, எனக்குத் தெரியாத தண்ணியா?” என்றேன். பத்து நிமிஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், அலை வந்து இருபதடிக்கு அப்பால் மடங்கிப் போய்விடுகிறது. பசுமாடு மாதிரி சாது. மகனிடம் செல்போனைக் கொடுத்து, “டேய், அலை பின்னாடி தெரியுற மாதிரி எடு” என்று சொல்லிவிட்டு, கடலுக்கு முதுகைக் காட்டி, இடுப்பில் கை வைத்து நின்றேன். ஸ்கூல் டே போட்டோவுக்கு நிற்கிற மாதிரி. மகன் போனைத் தூக்கினான். தூக்கினவன் முகம் மாறிப்போச்சு. என் மனைவி “ஏங்க” என்று கத்தினது மட்டும் காதில் விழுந்தது.

முழங்கால் அளவுதான் தண்ணீர். முழங்கால்தானே என்று நினைக்காதீர்கள்! அடித்தது பெரிதில்லை, திரும்பிப் போகும்போது இழுத்தது பாருங்கள், ஜல்லிக்கட்டுக் காளை திமிலில் தொங்குகிறவனை இழுத்துப் போகிற மாதிரி. காலுக்கு அடியில் மணலும் கூழாங்கல்லும் சேர்ந்து ஓடுகிறது. கேழ்வரகுக் குவியல் மேல் நின்று பாருங்கள், தெரியும். குப்புற விழுந்தேன். கையால் மணலைப் பிடித்தால் மணலும் என்னோடு வருகிறது. தெப்பக்குளத்து நீச்சல் ஒன்று, அரை நீச்சல்கூட ஞாபகத்துக்கு வரவில்லை. யாரோ ஒரு வெள்ளைக்காரர் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துப் போட்டார். எழுந்து பார்த்தால் இடது கால் ஷூ இல்லை. அது அட்லாண்டிக் பெருங்கடலில் இருக்கிறது.

பஸ்ஸில் வந்த வேறு ஒரு கூட்டத்துக்கு வழிகாட்டியாக வந்த பெண், என் மகள் வயசுதான் இருக்கும், விறுவிறுவென்று வந்து என்னைத் திட்டினார் பாருங்கள். முப்பத்திரண்டு வருஷம் பிள்ளைகளை வெயிலில் நிறுத்தித் திட்டினவன், ஒற்றை ஷூவோடு தலை குனிந்து நின்றேன். அவர் சொன்னதில் ஒன்றுதான் மனசில் நின்றது: கடலுக்கு முதுகைக் காட்டாதே. அம்மாச்சி சொன்னதன் ஐஸ்லாந்துப் பதிப்பு. வீக் கடையில் புது ஷூ வாங்கினோம். அந்த ஊர் விலையைக் கேட்டபோதுதான் எனக்கு உண்மையிலேயே மூச்சு நின்றது. என் மனைவி இந்தக் கதையைச் சொல்லாத கல்யாண வீடு மதுரையில் இல்லை. (அதோ, மூன்றாவது வரிசையில் சிரித்துக்கொண்டிருக்கிறார்.)

பிறகுதான் விசாரித்தேன். அங்கிருந்து நேர் தெற்கே அண்டார்டிகா வரை குறுக்கே நிலம் கிடையாது. காற்று தள்ளித் தள்ளி அலைக்கு அவ்வளவு ஓட்டம் கிடைக்கிறது. கரையோரக் கடலடி திடீரென்று சரிகிறது, அதனால் அலை தளர்வதற்குள் கரைக்கு வந்துவிடுகிறது. இரண்டு மூன்று அலை ஒன்றோடொன்று சேர்ந்துகொண்டால், இருபதடியில் மடங்கினது நூறடி ஏறி வரும். எப்போது சேரும் என்று கரையில் நின்று சொல்ல முடியாது. தண்ணீரோ உறைகிற குளிர். விழுந்த கணத்தில் மூச்சு திணறி, தண்ணீரை உள்ளே இழுத்துவிடுகிறோம். அந்த அலையில் படகு இறக்கிக் காப்பாற்றுவதும் லேசில்லை. பல பேர் போயிருக்கிறார்கள். 2025 ஆகஸ்டில்கூட ஒரு குழந்தை. அதற்குப் பிறகு விதியை இன்னும் இறுக்கினார்கள்.

ஒரு உயிருக்கு விதியை மாற்றுகிறார்கள். இங்கேதான் நான் வைகைக்குத் திரும்புகிறேன்.

அந்த மூன்று விளக்கைப் பார்த்து நாம் வியக்க வேண்டியதில்லை. நம்மிடமும் மூன்று உண்டு. 71 அடி வைகை அணையில் 66 அடி வந்தால் முதல் வெள்ள எச்சரிக்கை, 68.5 அடியில் இரண்டாவது, 69 அடியில் மூன்றாவது. தேனி, திண்டுக்கல், மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் என்று ஐந்து மாவட்டத்துக்கும் சொல்லி அனுப்புகிறார்கள். பேப்பரில் வாசித்திருப்பீர்கள். ஆற்றுக்கு ஏற்பாடு இருக்கிறது. கண்மாய்க்கு? மேலூர்ப் பக்கம் கிரானைட் வெட்டிவிட்டு விட்டுப்போன பள்ளத்துக்கு? பச்சைத் தண்ணீர் கண்ணாடி மாதிரி கிடக்கிறது, சுற்றிலும் செங்குத்துப் பாறை, போட்டோ எடுக்க ஐஸ்லாந்தே தோற்றுவிடும். ஏறி வரப் படி கிடையாது, ஒரு பலகை கிடையாது. சவுடு அள்ளின கண்மாயில் நேற்றுவரை இடுப்பளவு இருந்த இடம் இன்றைக்குப் பனைமர ஆழம். ஆழமறியாமல் காலை இடாதே என்கிறோம். சரி அம்மாச்சி, ஆழத்தை யார் அறிவிப்பது?

நான் வேலை பார்த்த பள்ளிக்கூடத்தில் ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன். கபடியில் அவனைப் பிடிக்க ஆள் கிடையாது. சித்திரைத் திருவிழா லீவில் அவன் அம்மாச்சி ஊர்க் கண்மாயில் இறங்கினான். வரவில்லை. அவனுக்கு நான் கபடி சொல்லிக் கொடுத்தேன், நீளம் தாண்டுதல் சொல்லிக் கொடுத்தேன், மார்ச் பாஸ்ட் சொல்லிக் கொடுத்தேன். நீச்சல் சொல்லிக் கொடுக்கவில்லை. சிலபஸில் இல்லை.

(இந்த இடத்தில் கொஞ்சம் தண்ணீர் குடித்தேன்.)

ஐஸ்லாந்தில் 1940-இலிருந்து பள்ளிக்கூடத்தில் நீச்சல் கட்டாயம். மீன்பிடிக்கிற ஊர், கரைக்குப் பக்கத்திலேயே ஆட்கள் முங்கிச் செத்துக்கொண்டிருந்தார்கள். சட்டம் போட்டார்கள். பூமிக்கடியில் வருகிற வெந்நீரில் ஊருக்கு ஊர் குளம் கட்டினார்கள். அப்படிப் பள்ளிக்கூடத்தில் நீச்சல் கட்டாயமான காலத்தில் வளர்ந்த பையன்களில் ஒருவர்தான் குட்லாய்குர் ஃப்ரிதோர்சன். 1984 மார்ச்சில் அவர் போன மீன்பிடிப் படகு கவிழ்ந்தது. ஐந்து பேர். ஐந்தாறு டிகிரி குளிர்த் தண்ணீரில் ராத்திரி ஆறு மணி நேரம் நீந்திக் கரையேறி, எரிமலைக் கல்லில் வெறுங்காலோடு நடந்து, ஆட்டுக்கு வைத்திருந்த தொட்டியில் பனிக்கட்டியைக் கையால் குத்தி உடைத்துத் தண்ணீர் குடித்து, ஊர் போய்ச் சேர்ந்தார். மற்ற நான்கு பேரும் இல்லை. மருத்துவர்கள் சோதித்துப் பார்த்து, கடல்நாய்க்கு இருப்பது போலக் கொழுப்பு இவருக்கு என்றார்கள். தலைவர் ஐயா தினமும் என்னைத் தொப்பையைக் குறைக்கச் சொல்கிறார், நான் ஏன் கேட்பதில்லை என்று இப்போது புரிந்திருக்கும்.

ஒரு நண்பர் மேடை ஏறும் முன்பே மடக்கினார். “வாத்தியாரே, நீச்சல் தெரிந்த நீங்களே அந்த அலையில் உருண்டீங்களே, பிறகு நீச்சல் எதுக்கு?” நியாயமான கேள்வி. என் குறை நீச்சல் தெரிந்தது இல்லை, பாதி தெரிந்தது. தெப்பக்குளத்தில் யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை, நானாக முங்கி நானாக எழுந்தேன். முறையாகச் சொல்லித் தருகிற இடத்தில் முதல் பாடம் கை அடிப்பது இல்லை. தண்ணீரைப் பார்ப்பது. எங்கே இழுக்கிறது, எங்கே சரிகிறது, எப்போது இறங்கக் கூடாது. முங்குகிறவனைக் காப்பாற்றப் பின்னாலேயே குதிக்காமல் கயிறு எறிவது. நம்ம ஊரில் ஒருவன் முங்கினால் காப்பாற்றப் போன அண்ணனும் சேர்ந்தல்லவா போகிறான்?

அதனால்தான் ஒரு மனு எழுதி வைத்திருக்கிறேன். ஆறாம் வகுப்பிலிருந்து நீச்சல், மாநகராட்சி மண்டலத்துக்கு ஒரு பயிற்சிக் குளம், ஒவ்வொரு கண்மாய்க் கரையிலும் ஆழம் எழுதின பலகை, ஒரு கயிறு, காற்றடித்த ஒரு லாரி டியூப். போன வருஷம் ஒரு அலுவலகத்துக்கு எடுத்துப் போனேன். இது எங்கள் துறை இல்லை என்றார்கள். அவர்கள் கைகாட்டின இடத்துக்குப் போனேன், அவர்கள் முதல் அலுவலகத்தையே கைகாட்டினார்கள். மாமன்ற உறுப்பினர் அவர்களே, உங்களைக் கும்பிட்டு இவ்வளவு நேரம் மேடையில் உட்கார வைத்ததன் ரகசியம் இதுதான். பெருந்தன்மையோடு சிரிக்கிறீர்கள். சிரித்ததைச் சம்மதமாக எடுத்துக்கொள்கிறேன். ஐக்கிய நாடுகள் சபை 2021-இல் ஜூலை 25-ஆம் தேதியை நீரில் மூழ்குவதைத் தடுக்கும் நாளாக அறிவித்திருக்கிறது. அன்றைக்குள் முதல் டியூப் ஏதாவது ஒரு கண்மாயில் தொங்க வேண்டும். டியூப்புக்கு என் பென்ஷன் காசு இருக்கிறது. தொங்கவிட அனுமதிதான் வேண்டும்.

ஐஸ்லாந்துக்காரர்களின் மொழிப்பற்று… தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். கம்ப்யூட்டருக்கு எண்ணையும் குறி சொல்கிறவளையும் சேர்த்து ஒரு சொல் செய்து வைத்திருக்கிறார்கள் என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன். மீதி அடுத்த வருஷம், கூப்பிட்டால்.

டீயும் வடையும் வாசலில் இருக்கிறது. மனுவும் அதே மேசையில்தான், வடைத் தட்டுக்கு இந்தப் பக்கம். வடை எடுக்கும் முன்னால் கையெழுத்துப் போடுங்கள். எடுத்த பிறகு போட்டால் பேப்பரில் எண்ணெய் படும்.